கூடத்தில் ஒரு மலை

ஐரோப்பாவின் பெரிய சைக்கிள் பந்தயத்துக்கு அணி கிஃப்லேயின் பெயரைக் கொடுத்திருந்தது, விசாதான் வரவில்லை. மூன்று மாதம் தூதரக நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்த கால்கள் வீட்டிலும் நிற்கவில்லை. அஸ்மாரா வீட்டின் கூடத்தில், பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்படி சைக்கிளைத் தாங்கியில் ஏற்றினான். அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொலைக்காட்சியில் கொடி அசைந்த நொடியில் மிதிக்கத் தொடங்கினான். திரையில் பந்தய வீரர்கள் சாப்பிட்டபோது இவனும் சாப்பிட்டான். அங்கே மழை பெய்தபோது மனைவி லெம்லெம் இவன் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. நான்கு மணி நேரமாக அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசி மலையில் பாதி ஏறியபோது மின்சாரம் போனது.

"கரண்டு போயிடுச்சு. போதும், இறங்கு."

"நடு மலையிலயா?" என்றான். கறுத்த திரையில் அவன் முகம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. "இப்பதான் எனக்கு முன்னாடி ஒருத்தனும் இல்ல."

சட்டென்று கூடத்து விளக்கு எரிந்தது. படம் வருவதற்குள் லெம்லெம் பாய்ந்துபோய்த் தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கினாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, அவனிடம் கேட்டாள்:

"இன்னும் எவ்வளவு தூரம்?"