சிப்பியும் மக்கும்

எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தில் பதித்திருந்த சிப்பித் துண்டு, தன்னைச் சுற்றி அடைத்திருந்த மக்கைப் பார்த்துச் சீறியது. "ஏய் மக்கு! மரத்தூளும் பசையும் குழைச்ச அழுக்கு நீ. என்னைத் தொடாதே, தள்ளிப் போ!"

"உன்னைப் பதிக்கிற குழியைப் பெரிசா வெட்டிட்டாங்க. நான் போனா நீ விழுந்துடுவே," என்றது மக்கு.

அப்போது கிட்டார் வாங்க வந்தவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். சிப்பியைச் சுற்றி இடைவெளி தெரிந்தால் கிட்டாரை ஒதுக்கிவிடுவார்.

"அண்ணே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்களேன்," என்று சிப்பி கெஞ்சியது. மக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருங்கியது.

"இடைவெளியே இல்லையே! சிப்பி என்ன கச்சிதம்!" என்று வியந்தவர், விலை பேசப் போனார்.

"கேட்டியா? கச்சிதமாம்! கையை எடு, மக்கு," என்றது சிப்பி.

மக்கு கொதித்துப்போனது. "அவர் இல்லைன்னாரே, அந்த இடைவெளியே நான்தான்!"

கத்திவிட்டு, பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டது.