படுக்கைக்கு முன் ஜெபம்

மகள் ஜெர்லினின் மூச்சை இனியும் இயந்திரத்தால் பிடித்து வைப்பதில் பயனில்லை என்று டாக்டர் சொன்ன அந்தக் காலையில் கிரேசம்மாள் அழவில்லை. பத்தொன்பது நாளில் அழுது தீர்த்திருந்தாள்.

அவள் கணவன் தவசிமுத்து தீவிர சிகிச்சை அறையின் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். இன்னும் யாருகிட்ட கேக்கப் போற?”

“கேக்கப் போகலங்க. ஜெபம் பண்ணாம எம்புள்ள ஒருநாளும் தூங்கினதில்ல. பண்ணிவிட்டுட்டு வாரேன்.”

உள்ளே போய், எட்டு வயது மகளின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளை சொல்லும் வரிசையிலேயே அம்மாவுக்காக, அப்பாவுக்காக, மாடியில் குட்டி போட்டிருந்த பூனைக்காக வேண்டிக்கொண்டாள். ‘காலையில என்னை எழுப்பிவிடும், இயேசப்பா’ என்றுதான் ஜெர்லின் எப்போதும் முடிப்பாள். அந்த இடம் வந்ததும் கிரேசம்மாளுக்கு நாக்கு எழவில்லை. இயந்திரத்தை நிறுத்த வந்திருந்த நர்ஸ் பொறுமையாகக் காத்திருந்தாள். இத்தனை நாள் நெஞ்சுக்குள் உருண்டுகொண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல அமர்ந்தது.

“இனிமே இவள நீரே எழுப்பிவிடும், இயேசப்பா” என்றாள்.

எப்போது உள்ளே வந்தானோ, அவள் முதுகுக்குப் பின்னால் தவசிமுத்து உடைந்த குரலில் “ஆமென்” என்றான்.