குஞ்சுக்கு மீன் வந்தது

தறி நின்றிருந்தது. ஆஸ்திரேலியாவில் விராலடிப்பான் பறவை குஞ்சு பொரித்திருந்த கூட்டைச் செல்போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தான் கந்தன்.

"சாயங்காலம் கல்யாணப் புடவை குடுக்கணும். நீ பறவை பாத்துக்கினு இருக்கிறியேய்யா?" என்றாள் மனைவி தையல்நாயகி.

"அப்பன் மீன் கொண்டாந்து ஊட்டுது பாரு தையலு. மனசு உருகுது."

செல்போனைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

வெகுநேரமாகியும் அவள் திரும்பி வரவில்லை. கந்தன் எட்டிப் பார்த்தான்.

செல்போனில் பறவை மீனைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணெடுக்காமல் சாம்பார் சாதத்தை விழுங்கிக்கொண்டிருந்தாள் தையல்நாயகி.

அவனைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"மனசு உருகுதாம் மனசு! நாக்கு ஊறுதுன்னு சொல்றதுக்கென்ன? தட்ட எடுத்துக்கினு வாய்யா. புரட்டாசி முடியற வரைக்கும் நமக்கு இதான் மீன் குழம்பு."

"புடவை?"

"சாயங்காலந்தானே!"