வைத்தியக்காரிக்குத் தெரியாதது

கர்ட்டின் வயிற்றில் ஈட்டி பாய்ந்திருந்தது. உயிர் போக இன்னும் கொஞ்ச நேரம்தான். பக்கத்திலேயே இருந்த அக்கா மார்லிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"சாகுறேன்க்கா! ஏதாவது செய்யேன்!" என்றான் கர்ட், பொரித்த சீஸை மென்றுகொண்டே.

ஈட்டி பாய்ந்தது பகடை உருட்டி ஆடும் ஒரு கதை ஆட்டத்தில்தான். விஸ்கான்சினில் பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டு நிலவறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இப்படிக் குத்துப்பட்டுச் சாகிறவர்கள் நிறையப் பேர். இந்த அக்காவும் இரண்டு தம்பிகளும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடுகிறார்கள், இப்போது மூவருக்கும் தலை நரைத்துவிட்டது.

ஆட்டத்தில் ஆளுக்கொரு வேடமும் தொழிலும் உண்டு, அதை ஓர் அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். சின்னவன் லோவெல் கதையை நடத்துவான். கர்ட் சண்டைக்காரன். மார்லிஸ் வைத்தியக்காரி, மந்திரம் சொல்லிக் காயம் ஆற்றுபவள். அவள் கேட்டு வாங்கிய தொழில் இல்லை அது. தம்பிகள் இருவரும் வேண்டாமென்று தள்ளியது அவள் தலையில் விழுந்தது. திருடன் ஒருவன் இருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் ஆள் கிடைக்காமலே இத்தனை காலம் ஓட்டிவிட்டார்கள்.

மேலே மணி அடித்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவின் கைமணி. மார்லிஸ் எழுந்து போனாள். தம்பிகள் தலை நிமிரவில்லை. திரும்பிப் படி இறங்கியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"உங்க கோட்டு ரெண்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சு கிடந்துச்சு. மேல ஹீட்டர் பக்கத்துல காயப் போட்டிருக்கேன்."

"அதான் எங்க அக்கா," என்றான் லோவெல். "சரி, மந்திரத்தைச் சொல்லு. இவன் போயிடப் போறான்."

"ஆட்டத்துல என் ஆளு அவன் இடுப்புப் பையைத் துழாவுறா," என்றாள் மார்லிஸ்.

கர்ட்டுக்குப் புரையேறியது. "சாகுறவன் பையில கை விடுறியே, நீயெல்லாம் ஒரு வைத்தியக்காரியா?"

"அவ வைத்தியக்காரின்னு அவளுக்குத் தெரியுமா?"

"இது என்ன கேள்வி? அட்டையில எழுதியிருக்கே."

"அட்டை நம்ம கையில இருக்குடா. அந்த ஊர்ல, அந்தக் காட்டுக்குள்ள நிக்கிறவ கையில இல்லையே. அவளுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம்," என்றான் லோவெல். "அடிபட்டவன் எல்லாம் அவகிட்டதானே ஓடி வர்றான்? அதை வச்சே தெரிஞ்சுக்க வேண்டியதுதான்."

"வர்றவனுக்குத் தெரியும். அவளுக்கு?"

தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, டுலூத் போக முடியலைன்னு கோவமா?" என்று கர்ட் மெதுவாகக் கேட்டான்.

டுலூத்தில் அவள் மகள் பிரிட்டாவுக்கு இந்த வாரம் தலைப்பிரசவம். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மார்லிஸ் தம்பிகளிடம் இலை உதிர்ந்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். கர்ட்டுக்குக் கடை. லோவெலுக்கு முதுகுவலி. போன தடவை இருவரின் சாக்கும் இடம் மாறி, கர்ட்டுக்கு முதுகுவலி வந்திருந்தது.

"எங்களுக்கு அதெல்லாம் வராதுக்கா," என்றான் லோவெல். "உனக்கு அது பிறவியிலேயே வந்தது."

"மூத்திரப் பை மாத்துறதுக்குப் பிறக்கும்போதே கத்துக்கிட்டு வந்தேனா?"

சொன்னாளே தவிர, மார்லிஸுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. காப்பியில் மிச்சமிருந்த வண்டலை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுபடியும் மணி.

எழுந்தாள். "சூப் அடுப்புல இருக்கு," என்று படியேறும்போது சொன்னாள். அதைக் காதில் வாங்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பையைத் துழாவுவது திருடன் வேலையா, வைத்தியக்காரியும் செய்யலாமா என்று தம்பிகளுக்குள் பலத்த சண்டை.

சண்டை முடிவதற்குள் மணி திரும்ப அடித்தது. நின்று, மறுபடியும் அடித்தது.

"அக்கா மேலதானே இருக்கா?" என்றான் கர்ட்.

இருவரும் மேலே ஓடினார்கள். அப்பா கட்டிலில் மணியைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹீட்டர் பக்கத்தில் இரண்டு கோட்டுகளும் நன்றாகக் காய்ந்து தொங்கின. ஜன்னலுக்கு வெளியே கர்ட்டின் வண்டி நின்ற இடத்தில் சக்கரத் தடம் மட்டும் கிடந்தது.

கர்ட் கோட்டுப் பைக்குள் கையை விட்டான். லோவெலும் தன் கோட்டில் தேடினான். இரண்டிலும் சாவி இல்லை.

கர்ட் பதறிப்போய் ஃபோன் போட்டான்.

"உன் வண்டி பனியில நல்லாப் போகுதுடா," என்றாள் மார்லிஸ். "லோவெல் சாவியும் என்கிட்டதான் பத்திரமா இருக்கு. அப்பா மாத்திரை ஜன்னலோரத்துல. சூப்பை ஆற வச்சுக் கொடுங்க, நாக்கு வெந்துடும். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துடுறேன்."

"அக்கா, நீ போய் இப்படிச் செய்யலாமா? நீ வைத்தியக்காரிக்கா!"

மறுமுனையில் மார்லிஸ் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று தம்பிகளுக்கு நினைவில்லை.

"எனக்கே இன்னிக்குத்தான்டா தெரிஞ்சுது, நான் திருடி."