மங்கலான திரையும் பதினைந்து விநாடியும்

மூன்று நாளாகப் பென்னி மல்லுக்கட்டியும் மங்கலாகவே நின்ற மானிட்டரை, மாடிவீட்டுக் குமரேசன் இரண்டே கிளிக்கில் பளிச்சென்று ஆக்குகிறான். "ரெசல்யூஷன் மாத்தணும், அவ்ளோதான் ஷீலா." ஓர் 'அக்கா' சேர்த்தால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா என்று பென்னி பொருமுகிறான். "எங்க வீட்டுக்காரர் மானிட்டரையே மாத்தணும்னாரு," என்று சிரித்தபடி மனைவி ஷீலா குமரேசனை வழியனுப்ப வாசலுக்குப் போகிறாள். பென்னி பாய்ந்து மவுஸைப் பிடித்து, பழைய மங்கலையே திரும்பக் கொண்டுவருகிறான். அவள் வந்ததும் தானே சரிசெய்து காட்டலாம். இந்த மாற்றம் இருக்கட்டுமா என்று திரை கேட்கிறது. பதில் சொல்லாவிட்டால் பதினைந்து விநாடியில் தெளிவுக்கே திரும்பிவிடுமாம். வாசலில் இன்னும் சிரிப்பு. 'சரி' என்று அழுத்த விரல் போகிறது. இந்த மங்கல் எழுத்தைத்தான் பாவம், ஷீலா மூன்று நாளாகக் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான்கு, மூன்று, இரண்டு. பென்னி மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறான்.