நிற்காத முள்
தராசின் முள் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. மூச்சுக்காற்று படாமல் கண்ணாடிக் கதவை மூடியாயிற்று, மின்விசிறியை அணைத்தாயிற்று. இரண்டு தட்டிலும் எடை சமம்தான். ஆனாலும் முள் நடுக்கோட்டின் இருபுறமும் வெடவெடக்கிறது. மிகச் சின்ன அசைவும் தெரியட்டும் என்றுதான் அதை அத்தனை நீளமாகச் செய்திருக்கிறார்கள். இதே செய்முறைத் தேர்வில் போன வருடம் தோற்றவள் அவள். "இதுலயும் கோட்டை விட்டா காலேஜுக்கு முழுக்குத்தான்" என்று அப்பா காலையில் சொல்லித்தான் அனுப்பினார். தராசுக் கண்ணாடியில் பட்ட வெயில் சுவரில் போய் நடுங்குகிறது. "அடியேய், என் குடுவைத் தண்ணிகூட ஆடுதுடி. மேசைக்கடியில என்ன, தையல் மெஷினா ஓட்டுற?" என்று பக்கத்தில் இருக்கும் நெட்டை கிசுகிசுக்கிறாள். அவள் குனிந்து பார்க்கிறாள். அவளுடைய முழங்கால்தான் மேசைக்காலில் உரசியபடி துடிக்கிறது. கையால் அழுத்திப் பிடிக்கிறாள். விட்டதும் மறுபடி ஆடுகிறது. "நிறுத்தேன்டி!" "நான் எங்கடி ஆட்டுறேன்? அதுவா ஆடுது." தேர்வாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவள் முக்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மேசையில் எதுவும் படாமல் ஓரடி விலகி எழுந்து நிற்கிறாள். கால் அதன்பாட்டுக்கு ஆடுகிறது. மேசையைத் தொடாததால் முள் நடுக்கோட்டில் வந்து நிற்கிறது.