ரெண்டை அழித்த டீச்சர்

"அம்மா, இன்னிக்கு நான் ஸ்கூலுக்குப் போகலைம்மா."

தலை வாரிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "ஏன்டி, காய்ச்சலா?"

"கணக்கு பீரியட்ல ஹெட்மாஸ்டர் வந்து உக்காரப் போறாராம்."

அம்மா சீப்பைக் கீழே வைத்தாள்.

மகள் பத்தாம் வகுப்பு. கணக்கெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கூட்டுத் தொடரோ பெருக்குத் தொடரோ, எத்தனையாவது எண் கேட்டாலும் பேனாவை எடுத்த சூட்டோடு எழுதிவிடுவாள். எழுதச் சொன்னால்தான். வாயால் சொல்லச் சொன்னால் தீர்ந்தது கதை. திக்கும். அதிலும் 'ப'வில் ஆரம்பிக்கிற வார்த்தை என்றால் உதடு ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. போன வருஷம் 'பத்து' என்று சொல்ல எழுந்தவள், வகுப்பே சிரித்து ஓயும்வரை ப... ப... என்று நின்றாள். அப்புறம் பல நாள் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை.

இது தெரிந்தும் இந்தக் கணக்கு டீச்சர் விடமாட்டேன் என்கிறாள்! முதல் எண்ணை போர்டில் எழுதுவாள். எவ்வளவு கூட்டணும், எவ்வளவால் பெருக்கணும் என்று சொல்வாள். முன்பெஞ்சிலிருந்து வரிசையாக எழுந்து ஆளுக்கு ஓர் எண் சத்தமாகச் சொல்லணும். அம்மா போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தாள். "யாரையும் உக்கார வைக்க மாட்டேங்க" என்று வைத்துவிட்டாள் மகராசி.

"இத்தனை நாள் தப்பிச்சியேடி?"

"அதிர்ஷ்டம்மா. நேத்து ஒண்ணுல ஆரம்பிச்சு ரெண்டால பெருக்கிட்டே போனோம். ஏழாவதா நான். அறுபத்தி நாலு வந்துச்சு. அது எனக்கு வாயில வந்துடும். தினமும் அப்படியே வருமா?"

வராதே! ஹெட்மாஸ்டர் முன்னால் இன்னொரு தடவை அப்படி நின்றால், இந்தப் பெண் படிப்பையே விட்டுவிடும் என்று அம்மாவுக்குப் பயமாக இருந்தது.

"கிளம்புடி. நானும் வரேன். இன்னிக்கு அந்த டீச்சரை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

ஆனால் வாட்ச்மேன் விடவில்லை. "பீரியட் நடக்குதும்மா. முடியட்டும்" என்று வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே டீச்சர் போர்டில் 2 என்று எழுதி, "மூணு மூணா கூட்டணும்" என்றாள். ஹெட்மாஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். டீச்சர் வருகைப் பதிவு எடுத்தாள். முன்பெஞ்சில் ஒரு பெண் வரவில்லை.

டீச்சர் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தாள். பிறகு அந்த 2-ஐ அழித்துவிட்டு 5 என்று எழுதினாள்.

"என்னம்மா இது?" ஹெட்மாஸ்டர் குரல் வந்தது. "பாடக்குறிப்புல ஒண்ணு, போர்டுல ஒண்ணா?"

"தப்பா எழுதிட்டேன் சார்."

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் முகம் சிவந்துபோனது. ஹெட்மாஸ்டர் எதையோ குறித்துக்கொண்டார்.

'இரக்கமும் கிடையாது, கணக்கும் தெரியாது. இவளெல்லாம் ஒரு டீச்சர்!' என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"அஞ்சு."

"எட்டு."

"பதினொண்ணு."

"பதினாலு."

"பதினேழு."

மகள் எழுந்தாள். அம்மா ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

"இ... இருபது."

உட்கார்ந்துவிட்டாள்! யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அம்மாவுக்குக் கோபம் இறங்கவில்லை. இன்னிக்குத் தப்பிச்சாச்சு, நாளைக்கு?

மணி அடித்தது. "ஒரு எண்ணைக்கூட உருப்படியா எழுதத் தெரியலைன்னா எப்படிம்மா? ரிப்போர்ட்ல எழுதத்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு ஹெட்மாஸ்டர் போனார். பிள்ளைகளும் வெளியே போனதும் அம்மா உள்ளே பாய்ந்தாள்.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்? எம்பொண்ணை உயிரோட சாகடிக்கிறீங்களே! அவ ஒருத்தியை விட்டுட்டாத்தான் என்ன?"

"எல்லாரும் எந்திரிச்சுச் சொல்றப்போ அவளை மட்டும் விட்டா, அப்புறம் அவ எந்திரிக்கவே மாட்டாங்க."

"அதுக்காக? தினமும் அதிர்ஷ்டம் வந்து அவளைக் காப்பாத்துமா? முதல்ல உங்களுக்கு ஒழுங்கா கணக்கு வருதா? ரெண்டு எழுதறதா அஞ்சு எழுதறதான்னு ஹெட்மாஸ்டர் முன்னாடி முழிச்சீங்களே, நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்!"

டீச்சர் கோபப்படவில்லை. வெளியே பிள்ளைகள் யாரும் நிற்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதிர்ஷ்டம் இல்லைங்க. உங்க பொண்ணு இடத்துக்கு 'ப'வுல ஆரம்பிக்காத எண்ணா பாத்து வச்சுக்கிட்டு, அங்கேயிருந்து பின்னாடி எண்ணித்தான் தினமும் முதல் எண்ணை எழுதறேன். ஏழாவதா இருபது வரட்டும்னு ரெண்டுல ஆரம்பிச்சேன். முன்பெஞ்சுப் பொண்ணு இன்னிக்கு லீவு, இவ ஆறாவதா வந்துட்டா. ரெண்டை அழிக்காம விட்டிருந்தா, ஹெட்மாஸ்டர் முன்னாடி இவளுக்குப் பதினேழு வந்திருக்கும்."